ஓடும் சைக்கிளும் நிற்கும் சைக்கிளும்

2015 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை எடுத்த இரண்டு படங்கள் என் கணினியில் இன்னும் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டிலும் ஒரே ஆள், ஒரே கறுப்பு சைக்கிள். இரண்டிலும் அவர் இருக்கையை விட்டு எழுந்து, கைப்பிடியின் மேல் முழு எடையையும் இறக்கி, உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறார். பின்னணி இரண்டிலும் சாம்பல் நிறக் குழம்பாகக் கரைந்திருக்கிறது. ஒரு படத்தில் அவர் மன்ஹாட்டனின் இரண்டாம் அவென்யூவில், டாக்சிகளுக்கும் லாரிகளுக்கும் நடுவே, மணிக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறார். மற்றொன்றில் அதே நாள் மாலை, புரூக்ளினில் ஒரு சைக்கிள் பட்டறையின் வாசலில், காலைத் தரையில் ஊன்றாமல், ஓர் அடிகூட முன்னே நகராமல் நிற்கிறார். எது எந்தப் படம் என்று எடுத்தவனான எனக்கே ஒரு நொடி யோசித்தால்தான் தெரிகிறது. அதுவரை நான் ஒழுங்காகப் படமெடுக்கிறேன் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்று நடந்தது ஓர் ஆலிகேட் பந்தயம். தபால் சைக்கிள்காரர்கள், அதாவது அலுவலகத்துக்கு அலுவலகம் உறைகளையும் பொட்டலங்களையும் சைக்கிளில் கொண்டுசேர்ப்பவர்கள், தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் பந்தயங்களுக்கு அந்தப் பெயர். 1989இல் டொரன்டோவில் வழங்கத் தொடங்கிய பெயர் இது. 1993இல் பெர்லினில் அவர்களுக்கென்று உலகப் போட்டியே நடக்கும் அளவுக்கு இந்தப் பழக்கம் ஊர் ஊராகப் பரவியது. மூடிய சாலை கிடையாது, பாதை கிடையாது. ஒரு தாளில் நிறுத்தங்களின் பட்டியலைக் கொடுப்பார்கள். எந்த வரிசையில், எந்தத் தெரு வழியாகப் போவது என்பது ஓட்டுபவரின் கெட்டிக்காரத்தனம். நியூயார்க்கில் இவற்றுள் புகழ்பெற்ற மான்ஸ்டர் டிராக் 2000ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. பிரேக் இல்லாத டிராக் சைக்கிள்கள் மட்டுமே அதில் ஓடலாம். நான் போனது அத்தனை பெரியதல்ல, நாற்பது பேர் கூடியது.

டிராக் சைக்கிளின் பின்சக்கரத்தில் ஃப்ரீவீல் இல்லை. நம் ஊர் சைக்கிளில் இறக்கத்தில் காலை ஆட்டாமல் 'கிர்ர்ர்' என்ற சத்தத்தோடு போவோமே, அந்தச் சுகம் இதில் கிடையாது. சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும், பெடலோடு காலும் சுழலும். நிறுத்த வேண்டுமென்றால் கால்களாலேயே சக்கரத்தை எதிர்த்து அழுத்த வேண்டும். இதை ஓட்டுபவர் ஒரு கணமும் சும்மா இருக்க முடியாது என்பதுதான் இந்தப் பந்தயங்களின் சாரம். என் படங்களில் அந்தச் சாரம்தான் இல்லாமல் இருந்தது.

இரண்டாயிரத்தில் ஒரு பங்கு

நான் கணினி வேலைக்காக ஜெர்சி சிட்டிக்கு வந்தவன். கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில், மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்த சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய தலைமுறை. இந்தப் பந்தய உலகத்துக்குள் என்னை இழுத்தது சைக்கிள் அல்ல, கேமரா. 2013 வசந்தத்தில் அலுவலக நண்பர் ஒருவர், புரூக்ளினின் துறைமுகப் பகுதியான ரெட் ஹுக்கில் நடக்கும் பந்தயத்தைப் பார்க்க அழைத்துப் போனார். ரெட் ஹுக்குக்கு மெட்ரோ கிடையாது. கொவானஸ் கால்வாய்க்கு மேலே அந்தரத்தில் நிற்கும் ஸ்மித்–ஒன்பதாம் தெரு நிலையத்தில் இறங்கி நடக்க வேண்டும். அல்லது பேருந்தைப் பிடிக்க வேண்டும். பழைய செங்கல் கிடங்குகள், கற்கள் பாவிய தெருக்கள், கடல் வாடை. சுதந்திர தேவி சிலையின் முகத்தை நேருக்கு நேர் பார்க்கக் கிடைக்கும் கரை இது. முந்தைய அக்டோபரில் வந்த சாண்டிப் புயலின் நீர்க்கோடு சில சுவர்களில் அப்போதும் தெரிந்தது.

டேவிட் டிரிம்பிள் என்பவர் 2008 மார்ச்சில் தம் பிறந்தநாளுக்காக நண்பர்களைக் கூட்டி, அனுமதி ஏதும் வாங்காமல், இந்தத் தெருக்களில் இரவில் நடத்திய பந்தயம் அது. தொழில்முறைச் சாலை வீரர்களும் தபால் சைக்கிள்காரர்களும் ஒரே கோட்டில் நின்றார்கள். ஆண், பெண் என்ற பிரிவும் இல்லை. அந்த முதல் பந்தயத்தில் வென்றவர் கேசி மேண்டர்ஃபீல்ட் என்ற பெண். நான் போன காலத்தில் அது பயணக் கப்பல்கள் வந்துநிற்கும் துறைமுக வளாகத்துக்கு இடம்மாறி, மிலானிலும் கிளைவிட்டிருந்தது. இரவு விளக்கு வெளிச்சத்தில், பிரேக் இல்லாத சைக்கிள்கள் கூட்டமாக ஒரு கொண்டை ஊசி வளைவுக்குள் பாய்வதை முதன்முதலாகப் பார்த்தபோது, என்னையறியாமல் பக்கத்தில் நின்ற நண்பரின் கையைப் பிடித்துக்கொண்டேன். வளைவுகளில் சாயும்போதும் பெடல் சுழன்றே ஆக வேண்டும் என்பதால், உள்பக்கப் பெடல் தரையில் உரசி, பொறி பறந்து, சில சமயம் ஆளையே தூக்கி எறிந்துவிடும்.

அடுத்த ஆண்டே நல்ல லென்ஸ் ஒன்று வாங்கினேன். விளையாட்டைப் படமெடுப்பவர்கள் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்ளும் பாடத்தையே நானும் கற்றேன்: ஷட்டர் வேகத்தை, அதாவது கேமராவின் கண் திறந்து மூடும் வேகத்தை, கூட்டு; அசைவை உறையவை. பகலில் 1/2000 வினாடி வைத்தால் போதும். 35 கிலோமீட்டர் வேகத்தில் போகிற சைக்கிள் அந்த அவகாசத்தில் 5 மில்லிமீட்டர்தான் நகர்கிறது. முகத்தில் வழியும் வியர்வை மணி மணியாக நிற்கும். சட்டையில் அச்சிட்ட நிறுவனப் பெயர் எழுத்து எழுத்தாகத் தெரியும். ஓட்டுபவர்களுக்கு அதுதான் வேண்டும். அந்தப் பெயர் தெளிவாகத் தெரிந்தால்தான் அடுத்த ஆண்டும் டயரும் சட்டையும் இலவசமாகக் கிடைக்கும். நான் படங்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் காசில்லாமல் கொடுத்தேன். பதிலுக்கு ஒருவர் தார்ப்பாய்த் துணியில் ஒரு தோள்பையைத் தைத்துக் கொடுத்தார். இன்னொருவர் என் பழைய சைக்கிளின் வளைந்த ரிம்மை நிமிர்த்திக் கொடுத்தார். அந்த வட்டத்தில் பண்டமாற்று என்பது கொள்கையல்ல, கையில் காசில்லாததன் விளைவு. ஒருமுறை ஒரு சட்டை நிறுவனம் என் படத்தைக் கேட்காமலே எடுத்து விளம்பரத்தில் போட்டுக்கொண்டது. கோபம் வந்தது, அதைவிட அதிகமாகப் பெருமை வந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பட்டறையில் அந்த இரவு

அந்த பிப்ரவரிப் பந்தயம் முடிந்ததும் எல்லோரும் பட்டறையில் கூடினார்கள். இத்தகைய இடத்தைப் பார்த்திராதவர்களுக்கு அதைச் சொல்லியாக வேண்டும். முன்பக்கம் சைக்கிள் பழுதுபார்க்கும் இடம். பின்பக்கம் இரும்புக் குழாய்களை அறுத்து, பற்றவைத்து, சைக்கிளின் சட்டத்தைக் கட்டுகிற மேசை. பக்கவாட்டில் திரையச்சுக்கான (ஸ்கிரீன் பிரிண்டிங்) சட்டகங்கள். ஆலிகேட் பந்தயங்களில் ஓட்டுபவரின் எண் முதுகில் இருக்காது. உள்ளங்கை அளவு அட்டை ஒன்றைப் பின்சக்கரத்தின் போக்ஸ் கம்பிகளுக்கு நடுவே செருகியிருப்பார்கள். அந்த அட்டையை ஒவ்வொரு பந்தயத்துக்கும் யாராவது ஓவியர் புதிதாக வரைவார். பந்தயம் முடிந்தாலும் அதைச் சக்கரத்திலேயே விட்டுவிடுவார்கள். ஒருவருடைய பின்சக்கரத்தைப் பார்த்தே அவர் எத்தனை வருடமாக இந்தத் தெருவில் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். மன்ஹாட்டனின் நடுப்பகுதியில் மூன்று அவென்யூக்களில் வேலைநேரத்தில் சைக்கிள் ஓடக்கூடாது என்று 1987இல் மேயர் எட் காச் கொண்டுவந்த தடையை எதிர்த்து ஊர்வலம் போன பழைய ஆட்களில் ஒருவரும் அங்கே இருந்தார். நீதிமன்றத்தில் அந்தத் தடை நிற்கவில்லை என்ற கதையை நான் அவர் வாயாலேயே இரண்டுமுறை கேட்டிருக்கிறேன்.

பரிசளிப்புக்கு முன்னால் 'டிராக் ஸ்டாண்ட்' போட்டி. ஃப்ரீவீல் இல்லாத சைக்கிளில் முன்சக்கரத்தைச் சற்றே திருப்பி, பெடலை ஓர் இழை முன்னும் ஓர் இழை பின்னுமாக அழுத்தி, ஒரே இடத்தில் நிற்க வேண்டும். கால் தரையில் பட்டால் ஆட்டம் போச்சு. சிக்னலில் காலை ஊன்றாமல் காத்திருந்து பழகியவர்களுக்கு இது கைவந்த கலை. ஐந்து நிமிடம் ஆனதும் ஒரு கையை எடு என்பார்கள்; அடுத்து இரு கையையும் எடு என்பார்கள். நான் சிரித்துக்கொண்டே படமெடுத்தேன். என் சிரிப்புக்குக் காரணம் அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது. எங்கள் ஊரில் பொங்கலுக்கு மறுநாள் பள்ளிக்கூட மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு 'மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டி' வைப்பார்கள். கடைசியாக வருபவருக்குத்தான் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். என் சித்தப்பா இரண்டு வருடம் தொடர்ந்து வாங்கியவர். அவசரப்படுகிறவன் முதலில் போய்ச் சேர்ந்து தோற்றுப்போகும் அந்தப் போட்டியை உலகத்தில் நாங்கள் மட்டும்தான் நடத்துகிறோம் என்று நான் நினைத்திருந்தேன்.

இரவு பீட்சா பெட்டிகளுக்கு நடுவே மடிக்கணினியைத் திறந்து அன்றைய படங்களைக் காட்டினேன். வழக்கமான பாராட்டுகள், வழக்கமான கேலிகள். அன்றைய போக்ஸ் அட்டைகளைத் திரையச்சில் அடித்த பெண் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பத்து வருடம் பொட்டலம் சுமந்து, முட்டி தேய்ந்தபின் அச்சு வேலைக்கு வந்தவர், அதிகம் பேசாதவர். நான் மேலே சொன்ன இரண்டு படங்களும் அடுத்தடுத்து வந்தபோது, "கொஞ்சம் நில்லு" என்றார். முன்னும் பின்னுமாக இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தார். பிறகு திரையில் சக்கரத்தின் மேல் விரலை வைத்து, "இதில் முன்சக்கரம் திரும்பியிருக்கிறது, அதனால் இதில் நிற்கிறான். அதில் நேராக இருக்கிறது, அதனால் ஓடுகிறான். அது எனக்கு சைக்கிள் தெரியும் என்பதால் தெரிகிறது. உன் படத்திலிருந்து தெரியவில்லை" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஓடும் படத்தின் பின்சக்கரத்தைப் பெரிதாக்கி, கம்பிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கிவிட்டார். முப்பத்திரண்டு. "எல்லாக் கம்பியையும் எண்ண முடிகிறது. கம்பியை எண்ண முடிகிற சைக்கிளை நான் சுவரில்தான் சாய்த்துவைப்பேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஸ்மித்–ஒன்பதாம் தெரு நிலையத்தின் மேடையில் குளிரில் ரயிலுக்காக நின்றபோதுதான் அந்தச் சொல் உள்ளே இறங்கியது. சைக்கிள் என்ற பொருள் விழாமல் நிற்பதே அது ஓடுவதால்தான். டிராக் ஸ்டாண்டில்கூட அது முழுமையாக நிற்பதில்லை. அந்த இழையளவு அசைவை நிறுத்தினால் அடுத்த நொடி தரையில்தான். ஆக, ஓட்டத்தை முழுக்க எடுத்துவிட்ட என் படங்களில் இருந்தவர்கள் எல்லோரும் உண்மையில் விழுந்துகொண்டிருக்க வேண்டியவர்கள். அவர்களை எதுவும் தாங்கிப் பிடிக்கவில்லை. அப்படியொரு சாத்தியமற்ற காட்சியைத்தான் நான் இத்தனை நாளும் கூர்மை, தெளிவு என்று சொல்லிக் கொடுத்துவந்திருக்கிறேன்.

மங்கலைக் கற்பது

அதன்பிறகு சில வாரங்கள் படமெடுக்காமல் படங்களைப் பார்த்தேன். 1910களின் தொடக்கத்தில், இருபது வயது நிரம்பாத ழாக் ஹென்றி லார்திக் எடுத்த கார் பந்தயப் படம் பலருக்கும் தெரிந்ததே. அதில் காரின் சக்கரம் முட்டை வடிவில் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். ஓரத்தில் நிற்கிற மனிதர்களும் கம்பங்களும் எதிர்த்திசையில் சாய்ந்திருப்பார்கள். அன்றைய கேமராவின் திரைச்சீலை ஷட்டரில் ஒரு பிளவு மெதுவாக இறங்க, கண்ணாடித் தகட்டின் ஒவ்வொரு கோடும் வெவ்வேறு கணத்தில் பதிவாகும். அதற்குள் காரும் நகர்ந்துவிடும், அதைத் துரத்தித் திரும்பிய கேமராவும் நகர்ந்துவிடும். 1963இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தபிறகுதான் உலகம் அவரைக் கவனித்தது. கணக்குப் பார்த்தால் அந்தப் படத்தில் எல்லாமே பிழை. ஆனால் நூறு வருடத்துக்குப் பிறகும் அந்தக் கார் சட்டகத்தை விட்டு வெளியே ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த ஏப்ரலில் ரெட் ஹுக் இறுதிப் பந்தயத்துக்கு 1/30 வினாடியில் போனேன். இரவுப் பந்தயத்தில் முன்வரிசை வேகம் மணிக்கு 45 கிலோமீட்டரைத் தொடும். 1/30 வினாடியில் சைக்கிள் 40 சென்டிமீட்டர் போய்விடும். சக்கரம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு சுற்று சுற்றிவிடும். அதே வேகத்தில் இடுப்பைத் திருப்பி ஆளைத் தொடர்ந்தால் உடலும் தலையும் ஓரளவு தெளிவாக நிற்கும், விளக்குகள் கோடுகளாக இழுபடும், கால்கள் புகையாகும். இதற்குப் பேனிங் என்று பெயர். புத்தகத்தில் ஒரு பத்தியில் முடிந்துவிடும் விஷயம். செய்து பார்த்தால் நூறு படத்தில் தொண்ணூற்றைந்து குப்பை. அன்று 1,100 படம் எடுத்து ஏழு படங்களை மட்டும் வைத்துக்கொண்டேன். திருப்பாமல் கேமராவை அசையாது பிடித்து எடுத்த ஒரு தவறிய படத்தில் வேறொன்றும் கண்டேன்: சக்கரத்தின் மேல்பாதி முழுக்க மங்கல், ஆனால் தரையைத் தொடும் இடத்தில் நாலைந்து கம்பிகள் மட்டும் துல்லியமாக நின்றன. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார் கரும்பலகையில் வரைந்து காட்டியதுதான். உருளும் சக்கரத்தின் உச்சி வண்டியைப்போல் இருமடங்கு வேகத்தில் போகிறது, தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசைவதே இல்லை. அப்போது மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினேன்.

ஓட்டுபவர்களுக்கு என் புதிய படங்கள் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முகம் தெரியவில்லை, சட்டையில் பெயர் தெரியவில்லை, இது நான்தானா என்றே தெரியவில்லை என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒருவர் வாரம் முழுக்கத் தெருவில் உழைத்து, சேமித்து, ஒரு பந்தயத்துக்கு வந்து, அதில் பதினைந்தாவதாக முடிக்கிறார்; அவர் அம்மாவுக்கு அனுப்ப ஒரு படம் கேட்டால், அவர் கையில் வண்ணக் கோடுகளைக் கொடுத்து இதுதான் உண்மை என்று நான் பிரசங்கம் செய்ய முடியாது. எனவே இரண்டு கேமராக்களோடு போகத் தொடங்கினேன். ஒன்றில் 1/1000, அது அவர்களுக்கு. மற்றது எனக்கு. இப்படிப் பிரித்துக்கொண்டது எனக்கு இன்றும் முழுத் திருப்தி தரவில்லை. இரண்டாவதைத்தான் நல்லதென்று நினைக்கிறேன் என்றால் முதலாவதை ஏன் அவர்களுக்குக் கொடுக்கிறேன் என்ற கேள்வி இருக்கவே செய்கிறது. ஆலிகேட்டில் மட்டும் மங்கலுக்கு ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. சிவப்பு விளக்கைத் தாண்டுபவரின் முகம் படத்தில் தெரியாமலிருப்பது எல்லோருக்கும் நல்லது.

2016 ஏப்ரல் இறுதியில் ரெட் ஹுக்கில் ஆண்களுக்கான இறுதிப் பந்தயத்தின்போது, ஓடுதளத்தில் நின்றுபோன ஒரு மோட்டார் சைக்கிளில் முழுவேகத்தில் வந்த கூட்டம் மோதியது. அந்தக் காணொளியை உலகமே பார்த்தது. பிரேக் இல்லாத சைக்கிளை இனி யாரும் ஓட்டக்கூடாது என்று, அதுவரை அப்படியொன்று இருப்பதே தெரியாதவர்கள் எல்லாம் எழுதினார்கள். நான் அங்கேதான் நின்றேன், கையில் எனக்கான கேமராவோடு, 1/25 வினாடியில். என் படத்தில் விபத்து இல்லை. இடமிருந்து வலமாக ஓடிவரும் சிவப்பு, வெள்ளை, நீலக் கோடுகள் ஓரிடத்தில் திடீரென்று மேல்நோக்கி மடங்குகின்றன; அவ்வளவுதான். எது கை, எது சக்கரம் என்று பிரித்தறிய முடியாது. அடுத்த நாள் ஒரு செய்தி இணையதளத்திலிருந்து படம் கேட்டார்கள். அனுப்பினேன். பதிலே வரவில்லை.

அந்த அச்சுக்காரப் பெண் மட்டும் அதை நெடுநேரம் பார்த்தார். அவர் தோழி ஒருத்தியின் தோள்பட்டை எலும்பு வேறொரு விபத்தில் முறிந்திருந்தது. அதைப் பற்றி எதுவும் சொல்லாமல், "இதை இரண்டு நிறத்தில் அடிக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அடுத்த குளிர்காலத்தில் நடந்த சிறிய ஆலிகேட்டின் போக்ஸ் அட்டையில், விபத்து என்று யாருக்கும் சொல்லாமல், அந்தக் கோடுகள் ஏறின. கீழே எண். நாற்பது சக்கரங்களில் என் படம் சுற்றியது. பந்தயம் முழுக்க அதை எடுக்க முயன்றேன். சுழலும் அட்டை எனக்கு அகப்படவில்லை. நகரத்தின் ஒரு சிக்னலில் ஒருவர் காலை ஊன்றாமல் நின்றபோதுதான் ஒரே ஒரு படம் தெளிவாகக் கிடைத்தது.

ரெட் ஹுக் பந்தயம் 2018க்குப் பிறகு நடக்கவில்லை. பட்டறை இருந்த கட்டடமும் வேறு கைக்கு மாறிவிட்டது. 27ஆம் எண் அட்டை என் மேசையில் இருக்கிறது. பந்தயத்தன்று கடைசி நேரத்தில் ஓட வராத ஒருவருக்குரியது என்பதால் எனக்குக் கிடைத்தது. ஆகவே அதில் கம்பி பட்ட தடம் ஒன்றுகூட இல்லை.